தெளிந்த தண்ணீரில் கிருமி இருக்காதா? கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் பாக்டீரியா செய்வதும் செய்யாததும்

“எங்கள் குடியிருப்பில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஓடுகிறது. பாக்டீரியாவை வளர்த்துத்தான் தண்ணீரைச் சுத்தம் செய்கிறோம் என்கிறார் ஆபரேட்டர். அப்படியானால் நோய்க்கிருமிகளும் கூடவே வளராதா? வெளியே வரும் தண்ணீர் தெளிவாக, நாற்றமில்லாமல் இருக்கிறது. தோட்டத்துக்கு விடலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியின் அடியில் உள்ள சந்தேகம் வேறொன்று என்று நினைக்கிறேன். அழுக்கு போய்விட்டால் கிருமியும் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா என்பதுதான் அது. எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டும் வேறு வேறு வேலைகள். முதல் வேலையை பாக்டீரியா மிக நன்றாகச் செய்யும். இரண்டாவதை அரைகுறையாகத்தான் செய்யும். நான் இத்தகைய நிலையங்களை வடிவமைப்பதிலும் ஓட்டுவதிலும் பல வருடங்கள் இருந்தவன், மருத்துவன் அல்ல. ஆகவே தண்ணீரில் எது எவ்வளவு மிஞ்சும், ஏன் மிஞ்சும் என்பதைச் சொல்கிறேன். யாருக்கு என்ன நோய் வரும் என்பதற்குள் போகவில்லை.

வீட்டுக் கழிவுநீரில் 99.9 சதவீதம் வெறும் தண்ணீர். ஒரு லிட்டரில் உள்ள திடப்பொருள் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஒரு கிராம்தான். அதில் மணலும் பெரிய துகள்களும் நின்ற நீரில் தானாகவே அடியில் படியும். ஆனால் பாதிக்கு மேற்பட்ட கரிமக் கழிவு கரைந்த நிலையிலோ, படியாத அளவுக்கு நுண்ணிய துகள்களாகவோ இருக்கிறது. சர்க்கரை கரைந்த நீரை எத்தனை முறை வடிகட்டினாலும் சர்க்கரை கீழே போகத்தானே செய்யும்? அதே சிக்கல்தான் இங்கும். இந்தக் கரிமக் கழிவின் அளவைத்தான் பி.ஓ.டி. என்ற எண்ணால் குறிக்கிறோம். ஒரு லிட்டர் நீரில் உள்ள கழிவை 20 டிகிரியில் 5 நாட்கள் தின்பதற்கு நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜன் செலவிடுகின்றன என்பதே அந்தக் கணக்கு. வீட்டுக் கழிவுநீரில் இது லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை இருக்கும். ஆற்று நீரில் 25 டிகிரி வெப்பத்தில் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜனே 8 மில்லிகிராம் சொச்சம்தான். சுத்திகரிக்காத கழிவுநீர் கலந்த ஆற்றில் மீன்கள் செத்து மிதப்பது பெரும்பாலும் விஷத்தால் அல்ல, மூச்சுமுட்டித்தான் என்பது இந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்தால் புரியும்.

கரைந்ததை எப்படி வெளியே எடுப்பது? உயிருள்ள ஒன்றைத் தின்ன வைத்து, தின்றதை அப்புறப்படுத்துவதுதான் வழி. ஏரேஷன் டேங்கில் நடப்பது இதுவே. காற்று ஊத ஊத, கரைந்த கழிவைத் தின்று பாக்டீரியா பெருகுகிறது. தின்றதில் ஏறக்குறைய பாதி கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் போய்விடும். மீதி பாதி புதிய பாக்டீரியா உடலாக மாறுகிறது. அந்த உடல்கள் தனித்தனியாக நீந்திக்கொண்டிருந்தால் நமக்கு எந்தப் பயனும் இல்லை. நீர் கலங்கலாகவே இருக்கும். ஆனால் அவை தாங்களே சுரக்கும் பசையால் ஒன்றோடொன்று ஒட்டி, கண்ணுக்குத் தெரியும் பழுப்பு நிறத் திரளாகின்றன. இதை ஃபிளாக் என்போம். ஃபிளாக்குக்கு எடை உண்டு, அது படியும். அடுத்த தொட்டியில் ஊதலும் கலக்கலும் இல்லாமல் நீரை நிற்கவிட்டால் திரள் அடியில் போக, மேலே தெளிந்த நீர் வழியும். ஆக, கரைந்திருந்த அழுக்கை படியக்கூடிய அழுக்காக மாற்றுவதுதான் பாக்டீரியா செய்யும் முதன்மையான காரியம். அழுக்கில் பாதி மறைகிறது, மீதி இடம் மாறுகிறது. இந்த இடம் மாறுதலை நினைவில் வையுங்கள், கிருமி விஷயத்திலும் இதுவேதான் நடக்கிறது.

இந்த முறை பிறந்த கதை, அதன் இயல்பை நன்றாகக் காட்டும். மான்செஸ்டரின் டேவிஹுல்ம் நிலையத்தில் எட்வர்ட் ஆர்டெர்ன், வில்லியம் லாக்கெட் என்ற இருவர் பாட்டில்களில் கழிவுநீரை ஊற்றிக் காற்றூதிப் பார்த்தார்கள். நீர் முழுமையாகத் தெளிந்து அம்மோனியா எல்லாம் நைட்ரேட்டாக மாற ஏறக்குறைய 5 வாரம் பிடித்தது. அவர்களுக்கு முன்னால் சோதித்தவர்கள் பலரும் அடியில் படிந்த கசடைக் கழிவு என்று கொட்டிவிடுவார்கள். இவர்கள் தெளிந்த நீரை மட்டும் இறக்கிவிட்டு, கசடை அப்படியே வைத்து, அதன் மேல் புதுக் கழிவுநீரை ஊற்றினார்கள். ஒவ்வொரு சுற்றிலும் நேரம் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் 24 மணி நேரத்துக்குள் வேலை முடிந்தது. 1914 ஏப்ரலில் இதைக் கட்டுரையாக வாசித்தார்கள். இன்று உலகெங்கும் ஓடும் ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ் (உயிர்ப்பூட்டிய கசடு) நிலையங்கள் எல்லாம் அதன் வாரிசுகள்தான். படிந்த ஸ்லட்ஜின் பெரும்பகுதியை மறுபடி ஏரேஷன் டேங்குக்கே திருப்பி அனுப்பும் பம்ப் உங்கள் நிலையத்திலும் இருக்கும். தண்ணீர் தொட்டிக்குள் இருப்பது சில மணி நேரம். பாக்டீரியா கூட்டமோ அங்கேயே 5 முதல் 15 நாட்கள் வரை சுற்றிக்கொண்டிருக்கும். குடியிருப்புகளில் வைக்கும் சிறு நிலையங்களில் நீருக்கே ஒரு நாள் போல அவகாசம் கொடுத்து, ஸ்லட்ஜை 20, 30 நாட்கள் வரை வைத்திருப்பதும் உண்டு.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். நோய்க்கிருமிகளும் சேர்ந்து பெருகாதா? பொதுவாகப் பெருகாது. இதை உறுதியாகச் சொல்லலாம். மனிதக் குடலில் வாழும் பாக்டீரியாவுக்குப் பழகியது 37 டிகிரி வெப்பம், செறிவான உணவு, ஆக்சிஜன் இல்லாத சூழல். தொட்டியிலோ வெப்பம் குறைவு, உணவு நீர்த்துப்போனது, ஆக்சிஜன் ஏராளம். அங்கேயே பிறந்து வளர்ந்த பாக்டீரியாக்களோடு போட்டியிட்டு அதனால் நிற்க முடியாது. வைரஸ்களுக்கோ உயிருள்ள செல் இல்லாமல் பெருகவே வழியில்லை. உருளைப்புழுவின் முட்டை மனித உடலுக்குள் போகும்வரை முட்டையாகவே கிடக்கும். ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா குடலுக்கு உரியது அல்ல, இளஞ்சூடான நீருக்கு உரியது. தொழிற்சாலைகளின் சூடான கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஏரேஷன் தொட்டிகளில் அது பெருகி, தெறிக்கும் நுண்துளிகள் வழியே சுற்றுப்புறத்தில் பரவியது பதிவாகியிருக்கிறது. வீட்டுக் கழிவுநீர் நிலையத்தில் இந்த ஆபத்து குறைவுதான். ஆனாலும் மூடிய அறைக்குள் இருக்கும் ஏரேஷன் டேங்குக்குக் காற்றோட்டமும் வெளியேற்று விசிறியும் வேண்டும் என்று நான் எப்போதும் வலியுறுத்துவேன். அங்கே ஒருவர் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறார்.

பெருகவில்லை என்றால் வந்த கிருமிகள் எங்கே போகின்றன? கொஞ்சம் தாமாகவே சாகும். நிறைய ஃபிளாக்கில் ஒட்டிக்கொண்டு ஸ்லட்ஜோடு அடிக்குப் போகும். இன்னொரு பகுதி தின்னப்படும். இந்த மூன்றாவது வழியை மைக்ராஸ்கோப்பில் நேரிலேயே பார்க்கலாம். ஏரேஷன் டேங்கிலிருந்து ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து நூறு மடங்கு பெரிதாக்கினால், பழுப்புத் திரளின் ஓரத்தில் காம்பு வைத்த மணிகள் போல வோர்டிசெல்லா என்ற ஒற்றைச்செல் உயிர்கள் நின்றுகொண்டிருக்கும். வாயைச் சுற்றி வரிசையாக இருக்கும் மெல்லிய மயிரிழைகள் ஓயாமல் துடிக்கும். அந்தத் துடிப்பில் உண்டாகும் சுழலில் தனியாக நீந்தும் பாக்டீரியாக்கள் உள்ளே இழுபடும். தகட்டை லேசாகத் தட்டினால் காம்பு ஸ்பிரிங் போலச் சுருண்டு, பிறகு மெல்ல நீளும். 1960களில் பிரிட்டனில் இந்த வகை ஒற்றைச்செல் உயிர்களை (புரோட்டோசோவா) நீக்கிவிட்டு ஓட்டிய சோதனைத் தொட்டிகளில் நீர் கலங்கலாகவே வெளியேறியது. அவற்றைத் திரும்பச் சேர்த்ததும் தெளிந்தது. ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவின் எண்ணிக்கையும் கூடவே வெகுவாகக் குறைந்தது. ஆகவே ஓர் ஆபரேட்டர் வாரம் ஒருமுறை மைக்ராஸ்கோப்பில் பார்த்து “மணிகள் நன்றாக இருக்கின்றன” என்று சொன்னால், அது பல ஆய்வக எண்களைவிட எனக்கு அதிகம் சொல்லும். விஷப்பொருள் ஏதாவது உள்ளே வந்தாலோ ஆக்சிஜன் குறைந்தாலோ முதலில் காணாமல் போவது இவைதான்.

அடுத்து வருவதுதான் இந்தப் பதிலில் முக்கியமான கணக்கு. நல்ல ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ் நிலையம் குடல் பாக்டீரியாவில் 90 முதல் 99 சதவீதம் வரை நீக்கும். கேட்க நிறைவாக இருக்கிறது. ஆனால் சுத்திகரிக்காத கழிவுநீரில் 100 மில்லிலிட்டருக்கு 10 லட்சம் முதல் 10 கோடி வரை ஈ.கோலை இருக்கும். நடுவாக ஒரு கோடி என்று வைத்துக்கொள்வோம். 99 சதவீதம் நீங்கினாலும் மிஞ்சுவது ஒரு லட்சம். அந்த நீர் கண்ணாடி டம்ளரில் பளிச்சென்றுதான் தெரியும், ஏனென்றால் ஒரு லட்சம் பாக்டீரியா 100 மில்லிலிட்டர் நீரைக் கலங்கவைக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆறு, ஏரிகளில் குளிக்கும் இடத்தை மிக நல்லது என்று வகைப்படுத்த ஈ.கோலை 100 மில்லிலிட்டருக்கு 500க்குள் இருக்க வேண்டும். குடிநீரில் 100 மில்லிலிட்டருக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாது. இந்தத் துறையில் சதவீதத்தை நம்பக் கூடாது என்பது இதனால்தான். லாக் கணக்கில் பேசுவோம். ஒரு லாக் குறைந்தால் பத்தில் ஒரு பங்கு மிஞ்சும், இரண்டு லாக் என்றால் நூறில் ஒன்று. பி.ஓ.டி.யை 250லிருந்து 10க்கு இறக்கினால் ஆறு பிழைக்கும். கிருமியை அதே விகிதத்தில் இறக்கினால் இரண்டு லாக்கைக்கூடத் தொட்டிருக்க மாட்டோம். தேவையோ ஆறு, ஏழு லாக்.

எல்லாக் கிருமியும் ஒன்றுபோல நடப்பதும் இல்லை. உருளைப்புழுவின் முட்டை 45 முதல் 75 மைக்ரான் வரை பெரியது, கனமானது. போதிய நேரம் நீர் நின்றால் படிந்துவிடும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற வயிற்றுப்போக்குக் கிருமியின் ஊசிஸ்ட் (கெட்டி ஓடு போர்த்திய வடிவம்) 4 முதல் 6 மைக்ரான்தான், அவ்வளவு எளிதில் படியாது. பாக்டீரியா ஒரு மைக்ரான் அளவு. வைரஸ்கள் அதைவிடப் பத்து முதல் ஐம்பது மடங்கு சிறியவை. ஃபிளாக்கில் ஒட்டினால்தான் உண்டு, இல்லாவிட்டால் தெளிந்த நீரோடு வெளியே போகும். இதனால்தான் ஈ.கோலை எண் நன்றாக இருக்கிறது என்பதை வைத்து வைரஸும் புழு முட்டையும் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. ஈ.கோலை மலக்கலப்புக்கு நல்ல அடையாளம். மற்ற கிருமிகளுக்கு அது பிரதிநிதி அல்ல.

எனவே கிருமிநீக்கம் தனியாக ஒரு கட்டமாக இருந்தாக வேண்டும். அந்தக் கட்டம் வேலை செய்வது முன்னால் நடந்த உயிரியல் சுத்திகரிப்பைப் பொறுத்தது. பலர் கவனிக்காத இடம் இது. குளோரினை எடுத்துக்கொள்ளுங்கள். ஏரேஷன் சரியாக நடந்தால் நைட்ரோசோமோனாஸ், நைட்ரோஸ்பைரா போன்ற பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றிவிடும். இவை மெதுவாக வளர்பவை. காற்று குறைந்தால் சீக்கிரம் சோர்ந்துவிடும். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு 4.57 கிராம் ஆக்சிஜன் தேவை. கூடவே நீரின் காரத்தன்மையில் 7 கிராம் சொச்சம் செலவாகும். காற்று ஊதும் புளோயரைப் பாதி நேரம் நிறுத்தி மின்கட்டணம் மிச்சப்படுத்தும் நிலையங்களில் அம்மோனியா அப்படியே வெளியே வரும். அந்த நீரில் குளோரினைப் போட்டால் அது அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமின் ஆகிவிடும். பாக்டீரியாவைக் கொல்ல அதனால் ஓரளவு முடியும், வைரஸிடம் மிக மந்தம். அம்மோனியாவைத் தாண்டி இயல்பான குளோரின் மிஞ்ச வேண்டுமானால், ஒவ்வொரு கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கும் கணக்குப்படி 7.6 கிராம், நடைமுறையில் 10 கிராம் வரை குளோரின் கொட்ட வேண்டும். ஆக, புளோயரில் மிச்சம் பிடித்தது குளோரினில் போகிறது. குளோரின் போட்டதும் நீர் உடனே சுத்தமாகிவிடாது என்பதும் கவனத்தில் இருக்கட்டும். தொடர்பு நேரம் குறைந்தது அரை மணி தேவை. கிரிப்டோஸ்போரிடியமோ லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் உள்ள நீரில் ஒரு வாரத்துக்கும் மேல் உயிரோடு இருக்கும்.

யு.வி. (புற ஊதா) விளக்கு கிரிப்டோஸ்போரிடியத்தை எளிதாகச் செயலிழக்கச் செய்யும், வேதிப்பொருள் எதையும் நீரில் விடாது. 254 நானோமீட்டர் ஒளி கிருமியின் மரபணுவைச் சிதைத்து அது பெருக முடியாதபடி செய்கிறது. ஆனால் அடினோவைரஸ் அதற்கு மிகவும் தாக்குப்பிடிக்கும், மற்றவற்றுக்கான அளவைப் போலப் பல மடங்கு ஒளி வேண்டும். நீரில் ஃபிளாக் துகள் மிதந்து வந்தால் அதற்குள் பதுங்கிய பாக்டீரியாவின் மேல் ஒளியே விழாது. விளக்கைச் சுற்றியுள்ள குவார்ட்ஸ் குழாயில் உப்பும் வழவழப்பும் படிந்தால் விளக்கு நீலமாக எரிந்துகொண்டே இருக்கும், கிருமி தப்பித்துக்கொண்டே இருக்கும். குழாயைத் துடைக்கிறார்களா, விளக்கை உற்பத்தியாளர் சொன்ன மணிக்கணக்கில் மாற்றுகிறார்களா என்று கேளுங்கள். படியவைக்கும் தொட்டிக்குப் பதிலாக மெம்பிரேன் என்ற நுண்துளைச் சவ்வு வைத்த எம்.பி.ஆர். நிலையங்களில் துளையின் அளவே ஏறக்குறைய 0.04 முதல் 0.4 மைக்ரான்தான். பாக்டீரியா, ஊசிஸ்ட், முட்டை எல்லாம் அங்கேயே தடுக்கப்படும், வைரஸிலும் பெரும்பகுதி நிற்கும். மெம்பிரேன் கிழியாமல் இருக்கும்வரை இது நல்ல ஏற்பாடு.

மின்சாரமே இல்லாமல் கிருமியைக் குறைக்கும் வழி ஒன்று இருக்கிறது. அதன் அருமை போதிய அளவு உணரப்படவில்லை என்பது என் கருத்து. நிலைப்படுத்தும் குளங்களைச் சொல்கிறேன். ஆழமான ஒன்று, நடுத்தரமான ஒன்று, பிறகு ஒரு மீட்டர் போல ஆழமுள்ள முதிர்வுக் குளங்கள் சில என்று வரிசையாக வெட்டி, நீரை வாரக்கணக்கில் மெல்ல நகரவிடுவார்கள். பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்ய நீரின் பி.எச். 9க்கு மேல் ஏறும். வெயிலும், உயர்ந்த பி.எச்.சும், நிறைந்த ஆக்சிஜனும் சேர்ந்து குடல் பாக்டீரியாவைக் கொல்லும். அத்தனை நாள் நின்ற நீரில் புழு முட்டை அடியில்தான் இருக்கும். புழு முட்டையை நீக்குவதில் விலையுயர்ந்த இயந்திரங்களுக்கு இந்தக் குளங்கள் சளைத்தவை அல்ல. கேட்பது ஒன்றே ஒன்று, நிறைய நிலம். அது இல்லாத இடத்தில்தான் நாம் புளோயரைத் தேடுகிறோம்.

கழிவுநீரைக் குடிக்கும் தரத்துக்கே கொண்டுவர முடியுமா என்று கேட்டால் முடியும். நமீபியாவின் விண்ட்ஹோக் நகரம் 1968 முதல் இதைச் செய்கிறது. உயிரியல் சுத்திகரிப்பு அங்கே முதல் படிதான். அதற்குப் பின்னால் ஓசோன், கார்பன் படுகை, அல்ட்ராஃபில்ட்ரேஷன், குளோரின் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தடுப்புகள் நிற்கின்றன. ஒன்று தவறினால் மற்றொன்று பிடிக்கும். அப்படிப்பட்ட ஏற்பாட்டின் மேல் வைக்கும் நம்பிக்கையை ஒரு ஏரேஷன் டேங்க் மேல் வைக்க முடியாது.

ஸ்லட்ஜைப் பற்றி யாரும் கேட்பதில்லை, ஆனால் கிருமியின் கணிசமான பகுதி அங்கேதான் சேர்கிறது. நீரிலிருந்து படிந்த புழு முட்டைகள் அதில் மாதக்கணக்கில், சாதகமான மண்ணில் வருடக்கணக்கில்கூட உயிர்ப்போடு கிடக்கும். 35 டிகிரியில் காற்றில்லாமல் செரிக்கவிட்டால் மீத்தேன் கிடைக்கும், நாற்றம் அடங்கும். கிருமி ஒன்றிரண்டு லாக்தான் குறையும், உருளைப்புழு முட்டை பெரும்பாலும் தப்பிவிடும். முட்டையைக் கொல்ல வெப்பம் வேண்டும். அமெரிக்காவில் 1993ல் வந்த விதிப்படி, ஸ்லட்ஜைத் திறந்தவெளியில் நீள்குவியலாக உரமாக்கும்போது 55 டிகிரிக்குக் குறையாமல் 15 நாட்கள் வைத்து, அதற்குள் 5 முறை புரட்டிப் போட வேண்டும். புரட்டுவது முக்கியம். குவியலின் நடுப்பகுதி வெந்துகொண்டிருக்கும்போது ஓரம் சில்லென்று இருக்கும். உங்கள் குடியிருப்பில் ஸ்லட்ஜைக் காயவைத்து நேரே பூச்செடிக்குப் போடுகிறார்கள் என்றால், தண்ணீரைவிட அதைத்தான் நான் முதலில் நிறுத்தச் சொல்வேன். காய்ந்த ஸ்லட்ஜ் பார்க்க மண்ணைப் போலவே இருப்பதால் குழந்தைகள் அதில் கைவைப்பார்கள். அதை வாரும் தொழிலாளிக்குக் கையுறையும் பூட்ஸும் சோப்பும் கட்டாயம்.

உயிரியல் சுத்திகரிப்பு தொடவே தொடாத, அல்லது அரைகுறையாகத் தொடும் சிலவும் உண்டு. கரைந்த உப்பு உள்ளே எவ்வளவோ வெளியேயும் ஏறக்குறைய அவ்வளவே. தோட்டத்துக்கு இது நேரடியாக முக்கியம். வீடுகளில் தண்ணீரை மென்மையாக்கும் கருவி வைத்திருந்தால் சோடியம் இன்னும் கூடும். நாளடைவில் இலை நுனி கருகும், களிமண் இறுகும். உலோகங்கள் அழிவதில்லை, ஸ்லட்ஜில் ஒட்டிக்கொள்கின்றன. மருந்துகளில் ஐபுபுரூஃபென் போன்றவை நன்றாகச் சிதையும், டைக்ளோஃபெனாக் அரைகுறையாக, வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமாசெபின் ஏறக்குறைய அப்படியே வெளியேறும். இதற்காகவே சுவிட்சர்லாந்து 2016 முதல் தேர்ந்தெடுத்த நிலையங்களில் ஓசோன் அல்லது கார்பன் கொண்டு நான்காவது கட்டம் ஒன்றைக் கட்டாயமாக்கியது.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலானவை ஐயத்துக்கு இடமில்லாதவை. அறிவியலாளர்களே இன்னும் ஒத்துப்போகாத ஒன்றையும் சொல்ல வேண்டும், அது ஆன்டிபயாட்டிக்கை எதிர்க்கும் பாக்டீரியா பற்றியது. மொத்த எண்ணிக்கையில் அவை குறைகின்றன, அதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் நெருக்கமாக வாழும் பாக்டீரியாக்களுக்கு இடையே எதிர்ப்பு மரபணுக்கள் கைமாறி, மிஞ்சியவற்றில் அவற்றின் பங்கு கூடுகிறதா என்பதில் ஒவ்வோர் ஆய்வும் ஒவ்வொரு பக்கம் பேசுகிறது. நிலையத்துக்கு நிலையம் முடிவு மாறுகிறது. இதை ஒரு தனிக் கவலையாகக் கிளப்ப இன்றைய ஆதாரம் போதாது, ஒதுக்கித் தள்ளவும் போதாது. கிருமிநீக்கக் கட்டத்தை ஒழுங்காக ஓட்டுவதற்கு இது இன்னொரு காரணம் என்ற அளவில் எடுத்துக்கொள்கிறேன்.

தோட்டத்துக்கு விடலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். கிருமிநீக்கம் செய்த நீரை விடலாம், ஆனால் எப்படி விடுகிறீர்கள் என்பதும் சுத்திகரிப்பின் ஒரு பகுதிதான். உலக சுகாதார நிறுவனத்தின் 2006ம் ஆண்டு வழிகாட்டி தேவையான ஆறு, ஏழு லாக் முழுவதையும் தொட்டியிலேயே சாதிக்கச் சொல்லவில்லை. மூன்று, நான்கு லாக் சுத்திகரிப்பில் வரட்டும், மீதியை வயலிலும் சமையலறையிலும் சேருங்கள் என்கிறது. சொட்டுநீராக விட்டால் தரையோடு வளரும் பயிருக்கு இரண்டு லாக், உயரமாகக் காய்ப்பதற்கு நான்கு லாக் பாதுகாப்பு கிடைக்கும். கடைசியாக நீர் விட்டதற்கும் அறுவடைக்கும் நடுவே விடும் ஒவ்வொரு நாளுக்கும் அரை முதல் இரண்டு லாக் வரை குறையும், வெயில் நாட்களில் கூடுதலாக. கழுவினால் ஒரு லாக், சமைத்தால் ஆறு, ஏழு. புழு முட்டைக்கு மட்டும் இந்த வழி போதாது, நீரிலேயே லிட்டருக்கு ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. ஆகவே மரங்களுக்கும் அலங்காரச் செடிகளுக்கும் சொட்டுநீராகவோ வேரடியிலோ விடுங்கள். பச்சையாகத் தின்னும் கீரைக்கும் கேரட்டுக்கும் வேண்டாம். புல்வெளிக்கு ஸ்பிரிங்க்ளர் வைத்தே ஆக வேண்டுமென்றால் ஆள் நடமாட்டம் இல்லாத இரவில் ஓட்டி, காலையில் புல் காய்ந்த பிறகு குழந்தைகளை விடுங்கள். இந்தக் குழாய்க்கு வேறு நிறம் அடித்து, குடிக்கும் நீர்க் குழாயோடு எங்கும் இணையவில்லை என்பதை ஒரு பிளம்பரை வைத்து உறுதிசெய்துகொள்ளுங்கள். சுத்திகரித்த நீரால் நடந்த மோசமான பாதிப்புகளில் பல, சுத்திகரிப்புக் குறைவால் வந்தவை அல்ல, தவறான குழாய் இணைப்பால் வந்தவை.

நிலையம் சரியாக ஓடுகிறதா என்று நீங்களே பார்க்க எளிய வழி உண்டு. ஏரேஷன் டேங்கிலிருந்து ஒரு லிட்டர் அளவுச் சிலிண்டரில் எடுத்து நிழலில் அரை மணி அசைக்காமல் வையுங்கள். நல்ல ஸ்லட்ஜ் முதல் சில நிமிடங்களிலேயே திரளாகிக் கீழே இறங்கத் தொடங்கும். அரை மணியில் பழுப்பு நிறப் படிவு 200, 300 மில்லிலிட்டர் கோட்டருகே நின்று, மேலே உள்ள நீரில் துகள் மிதக்காமல் இருந்தால் நிலைமை நன்று. 800 கோட்டிலேயே பஞ்சு போலத் தொங்கினால் ஒன்று ஸ்லட்ஜ் அளவுக்கு மீறிச் சேர்ந்திருக்கிறது, அல்லது இழை வகைப் பாக்டீரியா மிகுந்திருக்கிறது. பெரிய மழையோ விருந்தினர் கூட்டமோ வந்தால் அது வழிந்து வெளியே போகும். வாசனையும் சொல்லும். ஆரோக்கியமான தொட்டியில் ஈரமண் வாசனை வரும். அழுகிய முட்டை நாற்றமும் கருப்பு நிறமும் வந்தால் காற்று போதவில்லை.

கிருமிக்கு மட்டும் கண்ணையும் மூக்கையும் நம்பாமல் ஆய்வக அறிக்கை கேளுங்கள். நிலையத்தின் வாசலில் எடுத்த மாதிரி போதாது, தோட்டக் குழாயின் கடைசி முனையில் எடுக்கச் சொல்லுங்கள். சேமிப்புத் தொட்டியில் நீர் இரண்டு நாள் நின்றால் குளோரின் தீர்ந்து பாக்டீரியா மறுபடி தலையெடுக்கும். அதே முனையில் டி.பி.டி. மாத்திரை போட்டு இளஞ்சிவப்பு வருகிறதா என்றும் பாருங்கள், வந்தால் குளோரின் அதுவரை எட்டியிருக்கிறது. மாதிரி எடுக்கும் புட்டி கிருமி நீக்கியதாக, உள்ளே சிறிது சோடியம் தயோசல்ஃபேட் போட்டதாக இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் புட்டிக்குள்ளும் குளோரின் கொன்றுகொண்டே இருக்கும், ஆய்வகம் காண்பது உங்கள் தோட்டத்துக்கு வந்த நீரைவிடச் சுத்தமானதாக இருக்கும். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே ஆய்வகம் சேர்ப்பித்து, ஈ.கோலையோடு புழு முட்டையையும் எண்ணச் சொல்லுங்கள்.